இரும்புப் படியும் அதன் நிழலும்

கேள்வி: மகளைப் பார்க்க நியூயார்க் போகிறேன். பார்க்க எத்தனையோ இருக்க, பழைய கட்டடங்களில் தொங்கும் ஃபயர் எஸ்கேப் என்ற தீத்தப்புப் படியைப் படம் எடுங்கள் என்கிறீர்களே, அந்தத் துருப்பிடித்த இரும்பில் என்ன இருக்கிறது?

பதில்: பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டம் சொன்ன பதிலும் இருக்கிறது. ஒரே மரப்படிக்கட்டை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்த வாடகைக் கட்டடங்கள் தீப்பிடித்தால், மேல்மாடிக்காரர்களுக்கு இறங்க வழியில்லை. தப்பிக்க ஒரு வழி வைத்தே ஆகவேண்டும் என்று 1867-ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. 1901-ன் சட்டம் அதை இறுக்கியது. கட்டி முடித்த வீட்டுக்குள் இன்னொரு படிக்கட்டுக்கு இடம் ஏது? வெளிச்சுவரில் இரும்பை மாட்டினார்கள். 1968-ன் கட்டட விதிகள் புதுக் கட்டடங்களில் அதை நிறுத்திவிட்டன. ஆகவே நீங்கள் பார்க்கப்போவது இனிப் பெருகாது, குறையத்தான் செய்யும். போய் எடுங்கள்.

கேள்வி: செங்கல் சுவரின் சிவப்பு அவ்வளவு அழகு. அதை ஏன் கறுப்பு வெள்ளையில் கொல்ல வேண்டும்?

பதில்: கொல்லவில்லை, வெளுக்கிறோம். லென்ஸில் சிவப்பு ஃபில்டரை மாட்டுங்கள். செங்கல் வெளிறும், நீல வானம் இருளும், நடுவில் கறுப்பு இரும்பு தனித்து நிற்கும். வண்ணப் படத்தில் கண் முதலில் செங்கலுக்குத்தான் போகும். இதில் படிக்குப் போகும். சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும், கணக்கில் வையுங்கள். டிஜிட்டல்காரர்கள் ஃபில்டர் இல்லாமல் ரா ஃபைலில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினால் போதும். பச்சை ஃபில்டர் வேண்டாம். சுவரும் இரும்பும் ஒரே இருட்டாகிவிடும்.

கேள்வி: எந்த நேரத்தில் எடுப்பது?

பதில்: சூரியன் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில். வெயில் சுவரை நேருக்கு நேர் பார்த்தால் நிழல் படிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு கம்பியும் செங்கல்மேல் இன்னொரு கம்பியை வரையும். ஒரு படிக்கு இரண்டு படி கிடைக்கும். மன்ஹாட்டனின் தெருக்கட்டம் சரியான வடக்கிலிருந்து 29 பாகை சாய்ந்தது என்பதால், மற்ற ஊர்க் கணக்கு அங்கே பலிக்காது. முதல் நாள் கேமராவைத் தொடாமல் ஒரே தெருவில் காலை முதல் மாலை வரை நடந்து பாருங்கள். நான் அப்படித்தான் கற்றேன்.

கேள்வி: என் படங்களில் இரும்பு வெறும் கறுப்புத் திட்டாக வருகிறது. ஆணி, துரு எதுவும் தெரியவில்லை.

பதில்: இரும்பின் நிழற்பகுதியை மட்டும் மீட்டரில் அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். மீட்டர் தான் பார்ப்பதையெல்லாம் நடுச் சாம்பலாக்கத் துடிக்கும். இரண்டு ஸ்டாப் குறைத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஆணித்தலையும் தெரியும்.

கேள்வி: அண்ணாந்து எடுத்தால் கட்டடம் மல்லாக்க விழுகிறதே?

பதில்: எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போங்கள். முடியாதா, ஷிஃப்ட் லென்ஸ். புகைப்படக் கலைஞர் பெரனிஸ் அபாட் 1930-களில் நியூயார்க்கை எடுத்தபோது பெட்டிபோன்ற பெரிய கேமராவைச் சுமந்தது சும்மா இல்லை. அதில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம், சுவர் நேராக நிற்கும்.

கேள்வி: படியிலேயே ஏறி நின்று எடுத்தால் என்ன?

பதில்: கூடாது. அது யாரோ ஒருவருடைய உயிர்வழி. பாஸ்டனில் 1975 ஜூலை 22-ல் நடந்ததைக் கேளுங்கள். மார்ல்பரோ தெருவில் தீ. ஒரு தீயணைப்பு வீரர் 19 வயதுப் பெண்ணையும் 2 வயதுக் குழந்தையையும் ஃபயர் எஸ்கேப்பில் தன் உடலால் மறைத்து நிற்கிறார். வண்டியின் ஏணி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மீட்பைப் படமெடுக்கத்தான் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஸ்டான்லி ஃபோர்மன் கேமராவை உயர்த்தினார். அந்த நொடியில் இரும்பு பிய்ந்தது. வீரர் ஏணியைப் பற்றிக்கொண்டார். பெண்ணும் குழந்தையும் காற்றில், கூடவே பூந்தொட்டிகளும். பெண் இறந்தார், குழந்தை பிழைத்தது. அவர்கள் தரையைத் தொடுவதைப் பார்க்க முடியாமல் ஃபோர்மன் திரும்பிக்கொண்டார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. இந்தப் படிகளின் பாதுகாப்பை ஊர் ஊராகக் கேள்வி கேட்க வைத்தது அது. ஃபயர் எஸ்கேப்பை வெறும் கோலமாக எடுக்க அதன்பின் எனக்கு மனம் வரவில்லை. முதலில் சுவரோடு பிணைக்கும் போல்ட்டைப் பார்க்கிறேன். சுமை முழுவதும் அங்கேதான். படமும் அங்கேயே தொடங்கட்டும்.

கேள்வி: படி இருந்தும் பலர் செத்த தொழிற்சாலைத் தீ ஒன்று உண்டாமே?

பதில்: நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை, 1911 மார்ச் 25. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் குடியேறி வந்த இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. கட்டடத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு ஒடுக்கமான ஃபயர் எஸ்கேப், அதுவும் பின்புறம். அது கூட்டத்தின் பாரத்தில் மடங்கி விழுந்தது. கட்டடம் இன்றும் வாஷிங்டன் பிளேஸில் நிற்கிறது. முகப்பில் 2023-ல் வைத்த நினைவுச் சின்னத்தில் இறந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அங்கே மட்டும் எடுப்பதற்கு முன் வாசியுங்கள்.

கேள்வி: படியில் துணியும் செடியும் இருந்தால் படம் கெடுமா?

பதில்: படம் பிழைக்கும், ஆபத்தில் மனிதர்கள் பிழைப்பதுதான் கடினம். பொருள் வைத்தால் பத்து டாலர் அபராதம் என்று அந்தக் கால வார்ப்பிரும்பிலேயே எச்சரிக்கை பொறித்திருந்தார்கள். ஆனால் ஏழைக்கு அதுதான் மொட்டை மாடி, அதுதான் திண்ணை. 1941-ன் வெக்கையில் குழந்தைகள் ஃபயர் எஸ்கேப்பில் நெருக்கியடித்துத் தூங்குவதைப் புகைப்படக்காரர் வீஜி எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். புழுக்கம் எத்தனை என்று தெர்மாமீட்டரைவிட அந்தப் படம் சொல்லும்.

கேள்வி: ஃபிலிமா, டிஜிட்டலா?

பதில்: கையில் இருப்பது.

கேள்வி: ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எங்கே போக?

பதில்: லோயர் ஈஸ்ட் சைடில் ஆர்ச்சர்ட் தெரு. 97-ஆம் எண்ணில் 1863-ல் கட்டிய வாடகைக் கட்டடம் இப்போது டெனமென்ட் மியூசியம். அதைச் சுற்றி நடங்கள். மிகக் கீழ்த்தட்டில், இறக்கிவிடுவதற்காக மேலே தூக்கி மாட்டிய ஏணியைத் தேடுங்கள். அதன் நுனி நடைபாதைக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது வெறும் சுவரில் தெரியாது. கேமராவை அசைக்காமல் காத்திருங்கள், அடியில் யாராவது நடந்து வரட்டும். அவர் கையைத் தூக்கினால் எட்டுமா எட்டாதா என்று பார்ப்பவருக்குத் தோன்றும் தூரத்தில் வந்ததும் அழுத்துங்கள்.