பீரோ சென்ட்

ஓய்வுபெற்ற அப்பா இருக்கிற வீட்டில் பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரத்துக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவே ஒரு ஃபாரின் சென்ட் நிற்கும். துபாய் மச்சினர் எப்போதோ கொடுத்தது. நல்ல நாளில் எடுக்கலாம் என்று வைத்தார். மகள் கல்யாணம், பேத்தி காதுகுத்து என்று நல்ல நாள்கள் வந்து போய்விட்டன. உள்ளே இருப்பது கஷாய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் யாரும் தொடக்கூடாது.

தினப்படிக்கு அவரிடம் வேறு ஏற்பாடு உண்டு. குளித்ததும் குட்டிக்கூரா பவுடர். அது கழுத்தில் வெள்ளையாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் போட்டதற்கு என்ன அத்தாட்சி? கோயிலுக்கு என்றால் காதோரம் ஒரு சிட்டிகை ஜவ்வாது. யூடிகொலோன் அவர் கணக்கில் மருந்து, காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற ஈரத்துணிக்கு உரியது. அதை மணத்துக்காகப் பூசிக்கொண்டு யாராவது வந்தால், "உடம்புக்கு என்ன?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

அபூர்வமாகத் திருவல்லிக்கேணி அத்தர் கடைக்குப் போவார். கடைக்காரர் புறங்கையில் தடவிவிட்ட மல்லிகையையும் ரோஜாவையும் முகர்ந்துகொண்டே தெருக்கோடிவரை நடந்து, திரும்பி வந்து கேட்பார்: "சின்ன குப்பி எத்தனை மாசத்துக்கு வரும்?"

அவர் மகன் கேட்பது வேறு: "எத்தனை மணி நேரம் நிக்கும்?"

மகனுக்கு ஐ.டி. வேலை, வாடகை ஃப்ளாட், குளியலறை அலமாரியில் முப்பது குப்பிகள். பெரும்பாலும் ஐந்து மில்லி, பத்து மில்லி. யாரோ பெரிய பாட்டிலிலிருந்து பிரித்து விற்ற 'டீகேன்ட்'. ஆபீஸுக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று, குளிர்காலத்துக்கென்றே வெனிலாவும் புகையிலையும் கலந்த ஒன்று. சென்னையில் குளிர்காலம் என்பது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற பருவம். அதற்கும் தனிப் பாட்டில்! வாங்குமுன் யூடியூபில் இருபது நிமிட விமர்சனம் கேட்பான். வாசனையைக் காதால் தேர்ந்தெடுக்கிற முதல் தலைமுறை இதுதான்.

இடையில் ஓர் அண்ணன் தலைமுறை உண்டு. 1999இல் ஆக்ஸ் டியோடரன்ட் வந்ததும் சட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் அதை அடித்துக்கொண்டு, விளம்பரத்தில் வருகிற பெண்களுக்காகக் காத்திருந்தவர்கள். இப்போது ஈ.எம்.ஐ. கட்டுகிறார்கள். அவர்களை விட்டுவிடலாம்.

2011இல் வந்த ஃபாக் டியோடரன்ட் மட்டும் அப்பாவை அசைத்தது. கேஸ் கிடையாது, 800 ஸ்ப்ரே என்று விளம்பரத்தில் சொன்னார்கள். விலையை எண்ணூறால் வகுத்துப் பார்த்தார், திருப்தி. மணம் எப்படி என்று கேட்டபோதுதான், முகர்ந்து பார்க்க மறந்தது நினைவுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் 'ஊத்' அடித்துக்கொண்டு வந்தான்.

"யாருடா வீட்டுல சாம்பிராணி போட்டது?"

"அப்பா, இது அரேபியன் ஊத். மூவாயிரம் ரூபா."

"ஊத்துன்னா அகில்டா. அசாம்ல விளையுறது. நம்ம சங்கப் பாட்டுப் பொம்பளைங்க கூந்தலுக்குப் புகை போட்டது. நம்ம கிட்ட இருந்து போனதை நமக்கே விக்கிறான்!"

மரம் அசாமில் உண்டு, உண்மை. பூஞ்சை தாக்கினால்தான் அதில் அந்தப் பிசின் ஊறும். அதனால் அசல் எண்ணெய் விலை நகைக்கடைப் பக்கம் போகிற விலை. மூவாயிரம் ரூபாய்க் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு. ஆக, மகனின் பெருமிதத்துக்கும் அப்பாவின் பெருமிதத்துக்கும் சம்பந்தப்பட்ட பொருள் அந்தக் குப்பியில் இல்லை. சொன்னால் இருவரும் ஒன்றுசேர்ந்து நம்மைத் திட்டுவார்கள். நான் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு தலைமுறையும் ஒரே ஜாதி. எந்த மணமானாலும் மூக்கு சில நிமிடங்களில் பழகிப்போய், இருப்பதையே மறந்துவிடும். உடனே அப்பா இன்னொரு சிட்டிகை ஜவ்வாது எடுப்பார். மகன் இன்னும் நான்கு தடவை அழுத்திவிட்டு, "மச்சி, இன்னும் வருதா பாரு" என்று கையை நண்பனின் மூக்கில் ஏற்றுவான். பிறகு இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவார்கள். கல்யாண மண்டபமும் அத்தர் கடையும் சேர்ந்து இறங்குகிற மாதிரி கதவு திறக்கும்.

பவுடரோ ஊத்தோ, உங்கள் இஷ்டம். மணம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றினால் தீரவில்லை என்று நம்புங்கள். இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிஃப்டில் நாங்களும் வருகிறோம்.