ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குக் கட்டணம்

ஊத்துக்குளி வெண்ணெயை விற்பவனுக்கு வாக்குச் சாதுரியம் தேவையில்லை. ஓர் உருண்டையைக் கிள்ளி வாங்குகிறவர் உள்ளங்கையில் வைத்துவிட்டால், மீதி வியாபாரத்தை வெண்ணெயே பார்த்துக்கொள்ளும். திருப்பூர்ப் பனியனை விற்பவனுக்கும் அநேகமாய் அதே சௌகரியம் உண்டு. துணியை இரண்டு விரலால் இழுத்து விட்டுக் காட்டினால் போதும். இவ்விரண்டு ஊர்களுக்கும் பஸ் போகிற குன்னத்தூரில் உட்கார்ந்துகொண்டு, வாங்கியவருக்கு வருஷம் முழுவதும் எதுவும் நேராமல் இருப்பதொன்றே தன் குணவிசேஷம் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு சரக்கை, அதாவது இணையதளப் பராமரிப்பு என்னும் புதிய சேவையை, விற்கத் துணிந்த என்னைப் போன்றவனுக்குத்தான் வாக்குச் சாதுரியத்தோடு நல்ல செருப்பும், அபாரமான பொறுமையும், சிறிது வைராக்கியமும் வேண்டியிருக்கின்றன.

இந்தப் பிரதேசத்துக் கம்பெனிகளுக்கு இணையதளம் ஏற்பட்ட வரலாற்றைச் சற்று விவரிப்பது அவசியம். சுமார் 2005-ஆம் வருஷம் தொடங்கி ஏழெட்டு வருஷ காலம், லாப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து இளைஞர்கள் சிலர் புறப்பட்டு வந்து, “பையர் கேட்பார்” என்ற ஒரே மந்திரத்தை ஓதி, பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட், எம்பிராய்டரி யூனிட் என்று பேதம் பாராமல் எல்லோருக்கும் ஆளுக்கோர் இணையதளம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலாளிகளும் மறுக்கவில்லை, விசிட்டிங் கார்டின் கீழ்க்கோடியில் மூன்று டபிள்யூ இல்லாவிட்டால் கார்டு மொட்டையாய்த் தெரிகிறது என்பது அந்நாளில் பொதுவான அபிப்பிராயம். அக்காலத்து இணையதளத்துக்கென்று ஓர் இலக்கணமும் இருந்தது. திறந்தவுடன் பூகோள உருண்டை ஒன்று சுழல வேண்டும். அதன் பக்கத்தில் நூல் கோன் ஒன்று பிரிந்து பிரிந்து டி-சர்ட்டாக மாற வேண்டும். கம்பெனியின் பெயர் எழுத்தெழுத்தாக மேலிருந்து விழ வேண்டும். பின்னணியில், நிறுத்துவதற்கு வழியே இல்லாத வாத்தியம் ஒன்று ஒலிக்க வேண்டும். இவ்வளவு வித்தையையும் செய்து காட்டிய ஃப்ளாஷ் என்னும் மென்பொருளுக்கு அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியதுடன் திருப்தியடையாமல், அடுத்த மாதம் 12-ஆம் தேதி முதல் அது இயங்கவே இயங்காதபடியும் தடுத்துவிட்டது. உருண்டை அன்று நின்றது. நின்ற செய்தி பல முதலாளிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஏனெனில் தன் கம்பெனியின் இணையதளத்தைத் தானே திறந்து பார்க்கும் வழக்கம் இங்கே எவருக்கும் கிடையாது. ஹாம்பர்க்கிலோ ரோட்டர்டாமிலோ உள்ள யாரோ ஒருவர் பார்ப்பதற்காக வைத்தது அது. அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலாளிகளைச் சந்திக்கப் போவதற்கும் முகூர்த்தம் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலில் முதலில் கற்க வேண்டிய சாஸ்திரம். மாதம் பிறக்கும்போது நூல் மில்கள் விலையை அறிவிக்கும். ஏறியிருந்தால் அந்த வாரம் எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கலாகாது. சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று பணத்தைப் பற்றிப் பேசுபவன் மூடன். ஷிப்மென்ட் நெருங்கும் நாளில் முதலாளி செக்கிங் மேஜையில் தாமே நின்று பீஸ் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது பிரம்மதேவன் வந்து ஆயுளை நீட்டித் தருகிறேன் என்றாலும் “நாளைக்கு வாங்க” என்ற பதில்தான் கிடைக்கும். இவையெல்லாம் போக மிஞ்சும் சொற்ப நாட்களில் ஒன்றில், குன்னத்தூருக்கு வெளியே ஒரு கம்பெனியில், அறுபது வயதை எட்டிய ஒரு முதலாளியின் எதிரில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓவர்லாக் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. காற்றிலே பறந்து வந்த பஞ்சு மேஜையின் மேல், லெட்ஜரின் மேல், காகிதக் கோப்பையில் எனக்கு வந்த டீயின் மேல் எல்லாம் சமபாவனையோடு படிந்துகொண்டிருந்தது. நான் என் செல்போனில் அவருடைய இணையதளத்தைத் திறந்து, உருண்டை சுழன்ற இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும் முகப்பை அவரிடம் பக்திபூர்வமாய் நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

“பரவால்லீங்களே தம்பி! பளிச்சுனு சுத்தமா வெச்சிருக்கறாங்க” என்றார்.

அடுத்த பக்கத்தைத் திறந்தேன். ‘புதிய செய்திகள்’ என்ற தலைப்பின் கீழ் 2012-ஆம் வருஷத்துப் பொங்கல் வாழ்த்து இருந்தது. ‘எங்கள் தொழிலாளர்கள்’ என்ற தலைப்பின் கீழ், இந்த ஜில்லாவில் ஒருநாளும் கால் வைத்திராத வெள்ளைக்கார யுவதி ஒருத்தி கணக்கெழுதும் அட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஓகோ-டெக்ஸ் சான்றிதழின் படம் ஒன்றும் இருந்தது. அந்தச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்கே செல்லும், வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அவரும் தவறாமல் பணம் கட்டிப் புதுப்பித்து அழகாகச் சட்டம் போட்டு முதுகுப்புறச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஆனால் உலகத்துக்குக் காட்டப்படுவதோ என்றோ காலாவதியான பிரதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்ற படிவத்தை நிரப்பினால் அது போய்ச் சேரும் மின்னஞ்சல், பழைய மெர்ச்சண்டைசர் ஒருவருடைய சொந்த முகவரி. அவர் இப்போது எதிர்ச்சாரியில் உள்ள கம்பெனியில் வேலை பார்க்கிறார். நம்மவருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் விசாரணைகளை இன்று படிப்பவர் யார் என்பது தெய்வத்துக்கும் எதிர்ச்சாரிக்கும்தான் வெளிச்சம்.

இந்தக் கட்டத்தில் எதிராளி பதறுவார் என்று விற்பனைப் புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குக் கொங்கு நாட்டு முதலாளிகளோடு பரிச்சயம் இல்லை. அவர் டீயின் மேல் படிந்த பஞ்சை விரலால் ஒதுக்கிக் குடித்துவிட்டுச் சாவதானமாய் இருந்தார். ஆகவே, நான் வழி நெடுகத் தயார் செய்து வைத்திருந்த உவமானத்தை எடுத்து விட்டேன்: “ஐயா, ஓவர்லாக் மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விடுகிறீர்களல்லவா? இதற்கும் அதைப் போலத்தான்.”

“மெசினு ஓடுதுங்க தம்பி, ஓடுனாத் தேயும், எண்ணெய் உடறோம். இது எங்கீங்க ஓடுது? வெச்ச எடத்துலதான இருக்குது?”

தர்க்க ரீதியாக இதற்கு மறுப்பே கிடையாது. தளம் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள உலகம் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கிறது. தளத்தை இயக்கும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும். பழைய பதிப்பில் உள்ள ஓட்டையை அதே தினம் திருடர்களும் அறிந்துகொள்வார்கள். இலவசமாய்க் கிடைக்கும் பாதுகாப்புச் சான்று பெரும்பாலும் 90 நாளுக்குத்தான் செல்லும். 2018 ஜூலை முதல், அந்தச் சான்று இல்லாத தளங்களின் நெற்றியில் ‘பாதுகாப்பானதல்ல’ என்று கூகுள் குரோம் எழுதி ஒட்டத் தொடங்கிவிட்டது. இதை நான் விளக்கியபோது, “நம்ம கம்பெனீல ராத்திரிக்கு ரண்டு வாச்மேன் இருக்கறாங்களே” என்று அவர் சற்று வருத்தத்தோடு கேட்டார்.

உவமானம் பலிக்காதபோது சரித்திரத்தைத் துணைக்கு அழைக்க வேண்டும். மைக்ரோசாப்ட் போன்ற மகா கம்பெனியே 1999-ஆம் வருஷம் பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் பெயரைப் புதுப்பிக்க மறந்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் பலர் தங்கள் அஞ்சலைத் திறக்க முடியாமல் திண்டாடியதையும், கடைசியில் மைக்கேல் சேனி என்ற நிரலாளர் தம் கைப்பணம் 35 டாலரைக் கட்டி அதை மீட்டதையும், அதற்காக அந்தக் கம்பெனி அவருக்கு 500 டாலருக்குச் செக் அனுப்பியதையும் ஆதியோடந்தமாய்ச் சொன்னேன். முதலாளி மிகவும் ரசித்துக் கேட்டார்.

“பாத்தீங்களா! அத்தாப் பெரிய கம்பெனிக்காரங்களே மறந்து போயிருக்கறாங்க. நாம மறந்தா ஒண்ணும் தப்பில்லீங்க.” பிறகு தாமே தொடர்ந்தார்: “1978-ல இத்தாலியில இருந்து வெரோனா வந்தாராமா. அவரு என்ன வெப்சைட்டப் பாத்துட்டா திருப்பூருக்கு வந்தாரு?”

எக்ஸ்போர்ட் சரித்திரத்தின் மூலபுருஷரையே சாட்சிக்கு அழைத்துவிட்டவரிடம் என்ன வாதம் செய்வது? அந்த இத்தாலிய வியாபாரி பம்பாய் வழியாக வந்தார், வெள்ளைப் பனியனைக் கண்டார், வாங்கினார். இன்றைக்கு இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. இவ்வளவும் நடந்ததில் என் போன்றவர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

“சரிங்க தம்பி, மாசா மாசம் காசு வாங்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஒன்றும் நேராமல் பார்த்துக்கொள்வேன்.”

“இப்பவும் ஒண்ணும் நேரலீங்களே?”

இதோடு சம்பாஷணை முடிந்திருக்க வேண்டும். முடிவதற்கு முன் அவர் மேலும் ஓர் அம்பை எய்தார்: மச்சினன் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருக்கிறான், லீவில் வரும்போது அவனே பார்த்துக்கொள்வான். இந்த மச்சினன் பையனை நான் இதுவரை நேரில் கண்டதில்லை. ஆனால் போகிற கம்பெனியிலெல்லாம் எனக்கு முன்னால் அவன் போய் உட்கார்ந்திருக்கிறான். சம்பளம் கேட்பதில்லை, வேலையும் செய்வதில்லை, அவனை வெல்ல ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆள் இல்லை.

நோட்டீஸ் அச்சடித்ததையும், வாட்ஸாப்பில் வாழ்த்துப் படத்தோடு கட்டண விவரத்தைச் சேர்த்து அனுப்பியதையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து வந்தது. கட்டணத்துக்குப் பதில் வரவில்லை.

எனக்கு வழி காட்டியவர்கள், நான் சற்றும் எதிர்பாராத ஒரு கூட்டத்தார்: திருடர்கள். பழைய சிநேகத்தின் பொருட்டுச் சில மாதம் இனாமாகப் பார்த்துத் தருவதாய் ஒப்புக்கொண்ட ஒரு பிரிண்டிங் யூனிட்டின் முதலாளிக்கு, மாதக் கடைசியில் ஓர் அறிக்கை அனுப்பி வைத்தேன். பிரதிகள் எடுத்து வைத்தது, பதிப்புகளைப் புதுப்பித்தது ஆகியவற்றை முதலில் எழுதி, இடம் மிஞ்சியபடியால், கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைய முயன்ற முகவரிகள் எந்தெந்த நாட்டைச் சேர்ந்தவை என்பதையும் கீழே பட்டியல் போட்டிருந்தேன். இவை மனிதர்கள் செய்வன அல்ல. உலகத்தில் உள்ள தளங்களையெல்லாம் இரவு பகலாய்த் தட்டிப் பார்க்கும் யந்திர நிரல்கள். இதை அறிக்கையிலேயே தெளிவாய்க் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியை அவர் படித்ததாய்த் தெரியவில்லை. மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு கம்பீரம் இருந்தது.

“ரசியாக்காரன் வந்திருக்கறானாமா? சீனாக்காரனுமா? நம்ம யூனிட்டுக்கா?”

அன்று மாலைக்குள் அறிக்கை அவருடைய சம்பந்தியின் போனுக்குப் போயிற்று. சம்பந்தியிடமிருந்து அவருடைய பங்காளிக்குப் போயிற்று. பங்காளியிடமிருந்து எனக்கு வந்த கேள்வி, இத்தொழிலில் நான் பெற்ற மிகப் பெரிய ஞானோபதேசம்: “ஏனுங்க, அவிங்க சைட்டுக்கு அத்தன தேசத்துல இருந்து வர்றாங்களே, எங்களுக்கு மட்டும் ஏன் ஒருத்தனும் வர மாட்டேங்கறான்?” உங்களுக்கும் வருகிறார்கள், எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை என்றேன். எண்ணிச் சொல்லும்படி உத்தரவாயிற்று. சந்தாவும் முன்பணமாக வந்தது. எதுவும் நேராமல் இருப்பதற்குக் காசு கொடுக்க மனம் வராத மனிதர், தமக்கு நேர இருந்தது இன்னின்னது என்று காகிதத்தில் கண்டால் தாராளமாய்க் கொடுக்கிறார். அதிலும் பக்கத்துக் கம்பெனிக்காரரைவிட ஒரு தேசம் கூடுதலாய் இருந்துவிட்டால் பேரமும் பேசுவதில்லை. இப்போதெல்லாம் என் விளம்பரத்தில் பராமரிப்பு என்ற சொல் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களில் கம்பெனி வைத்திருப்பவர்கள் என்னிடம் சந்தா கட்டாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு காரியம் மட்டும் இன்றே செய்யுங்கள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். டாட் காம் பெயரொன்று காலாவதியாகிச் சலுகை நாட்களும் கழிந்துவிட்டால், அதை மீட்க 30 நாள் தருவார்கள், அதற்கு அபராதம் போன்ற ஒரு கட்டணமும் வாங்குவார்கள். அதன்மேல் 5 நாள் போனால் முதலில் கேட்பவனுக்கு அது சொந்தம். எச்சரிக்கைக் கடிதங்களெல்லாம் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். அது உங்களை விட்டுப் போன பழைய அக்கவுண்டன்டின் முகவரியாய் இருக்குமானால், அவர் மீதுள்ள மனஸ்தாபங்களையெல்லாம் தற்காலிகமாய் மறந்து, வருகிற தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்பிவிட்டு, அதன்பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.