டெக்சாஸிலிருந்து திருவண்ணாமலைக்கு: எட்டில் ஒன்று எரியாதபோது

எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஸ்யூவியில் ஒரு சிலிண்டர் மட்டும் எரிய மறுத்தால் அது மிஸ்ஸிங். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், பிக்கப் குறையும். ஆனாலும் திருவண்ணாமலையின் எட்டு லிங்கங்களில் அக்னி லிங்கத்தை மட்டும் விட்டுவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்தவரைப் போல வண்டி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஆபத்தே அதில்தான்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெல்ல ஓட்டலாம். கண் சிமிட்டினால், டெக்சாஸின் பியர்லாண்டு மீனாட்சி கோயிலில் உச்சிகால பூஜையே தவறினாலும், ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பொசுக்கிவிடும். அதன் விலைக்கு ஊரில் ஒரு பழைய பைக் கிடைக்கும்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம். ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 வந்தால் ஆளைக் குறிப்பிடாத மொட்டைப் புகார்: காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் என எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காரணங்களிலிருந்து தேட வேண்டும்.

மூன்றாவது சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஸ்கேனர் சொல்லாது. ஜிஎம் வி8-இல் ஒற்றைப்படை எண்கள் டிரைவர் பக்கம். ஃபோர்டில் ஒன்று முதல் நான்கு வரை எதிர்ப்பக்கம். டிரைவர் பக்கம் என்பது இங்கே இடது. திருவண்ணாமலை தேரடி வீதியிலிருந்து வாட்ஸப்பில் வைத்தியம் சொல்லும் மாமா பழக்கதோஷத்தில் ஜிஎம் வண்டிக்கு வலப்பக்கம் கை காட்டினால், கழற்றப்படுபவை ஒரு பாவமும் அறியாத நான்கு.

உதிரிபாகம் வாங்குமுன் செய்யும் சோதனைக்குச் செலவில்லை. மூன்றின் இக்னிஷன் காயிலை ஐந்தில் மாட்டி, பழைய பி0303-ஐ அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0305 வந்தால் காயில்தான் குற்றவாளி. வராவிட்டால் பிளக், பிறகு இன்ஜெக்டர், அதே இடமாற்றம். பிளக்கை என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். மூன்றும் சரியென்றால் கம்ப்ரஷன் கேஜ். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கால்வாசிக்கு மேல் குறைந்தால் வால்வு, ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் மணிக்கு நூறு டாலரைத் தாண்டும் கூலிதான்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரும் டீசல் இன்னோவாவுக்கு இதில் பாதிதான் பொருந்தும். டீசலில் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. சந்தேகம் இன்ஜெக்டர் மீதும் கம்ப்ரஷன் மீதும்தான். பழைய லாரி என்ஜின்களில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. காமன் ரெயில் என்ஜினில் அந்தக் கைப்பழக்கம் கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு ஸ்கேனர்தான் கதி.