ஐந்து மண்டிக்கும் ஒரே தரகர்

பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில் விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் கமிஷன் பார்க்கிற தரகருக்கே ஊரில் ‘கெட்டிக்காரன்’ என்று பேர். இரண்டாம் உலகப் போர்க்கால உளவாளி பகத் ராம் தல்வார் ஐந்து பக்கம் பார்த்தவர்: இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான்.

1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து நழுவிய சுபாஷ் சந்திர போஸை பெஷாவரிலிருந்து காபூலுக்குக் கூட்டிப் போனவர் இவர்தான். வேஷத்துக்கு இவர் ரஹ்மத் கான் ஆனார். போஸுக்குப் பஷ்து வராது. அதனால் அவர் ரஹ்மத் கானின் காது கேளாத, வாய் பேசாத சொந்தக்காரர் ஆனார். மேடையேறினால் ஊரையே கட்டிப்போடுகிற மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். காபூலில் ஒரு போலீஸ்காரர் மோப்பம் பிடித்தார். பிடித்துக் கொடுத்தாரா? அதெல்லாம் இல்லீங்க. சில்லறை கறந்தார், கடைசியில் போஸின் கைக்கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டார். சாம்ராஜ்யமே தேடிய ஆள் ஒரு வாட்ச்சுக்குத் தப்பினார்.

இத்தாலியர்கள் தந்த ‘ஒர்லாண்டோ மட்சோட்டா’ பாஸ்போர்ட்டில் போஸ் பெர்லின் போய்ச் சேர்ந்தார். இந்தியாவில் தலைமறைவு வேலையைத் தல்வார் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார். ஜெர்மானியரும் நம்பிப் பணமும் வயர்லெஸ்ஸும் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மேல் பாய்ந்தார். தல்வார் கம்யூனிஸ்ட், நேராக ரஷ்யர்களிடம் போய்ச் சேர்ந்தார். ரஷ்யாவும் பிரிட்டனும் அப்போது கூட்டாளிகள் அல்லவா, சரக்கு 1942-இல் பிரிட்டிஷ் கைக்கும் வந்தது. அங்கே அவரை மேய்த்தவர் பீட்டர் ஃபிளெமிங்; ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் அண்ணன். வைத்த பெயர் ‘சில்வர்’. தம்பி கற்பனையில் எழுதியதை அண்ணன் சர்க்கார் சம்பளத்தில் செய்தார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. இல்லாத புரட்சிக் கமிட்டியின் பெயரில், இல்லாத படைகளைப் பற்றிய செய்திகள் பெர்லினுக்குப் போயின. வைஸ்ராயைத் துரத்தப் பாடுபடும் அந்த ரகசிய வயர்லெஸ் தட்டியது எங்கிருந்து? தில்லியில், வைஸ்ராய் மாளிகைத் தோட்டத்திலிருந்து! பூந்தொட்டிக்குப் பக்கத்தில் புரட்சி.

‘வெள்ளைக்காரன் கைக்கூலி’ என்று முடித்துவிடலாம் என்றால், இவருடைய சகோதரர் ஹரி கிஷன் பஞ்சாப் கவர்னரைச் சுட்டதற்காக 1931-இல் தூக்கிலிடப்பட்டவர். ‘அப்புறம் மனுசன் யாருக்குத்தான் விசுவாசமுங்க?’ என்று வேலூர்க்காரர் கேட்பார். என் கணிப்பு மாஸ்கோ. மற்ற நாலும் செலவுக்கு.

இத்தனைக்கும் ஜெர்மனி அவருக்கு அயர்ன் கிராஸ் பதக்கம் வேறு வழங்கியது. உழைப்புக்குக் கொடுத்தார்கள் என்றால் தப்பில்லை, உழைத்தாரே!