முட்டிவலிக்குச் சின்சே ஊசி

கேள்வி: சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு இப்போது இரண்டு முட்டியும் வலி. ஈப்போவில் சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய மருத்துவரிடம்) ஊசி குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். முட்டி சரியாகிவிடுமா? (வாசகி, புந்தோங்)

பதில்: முட்டி புதிதாகாது, வலி குறையலாம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்து, கீழ்வெட்டுக்குக் குனிந்து, மேல்வெட்டுக்கு அண்ணாந்து, கடைசியில் காண்டா வாளியில் பாலைச் சுமந்து மேடுபள்ளம் ஏறி இறங்கிய முட்டி அது. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியும் வளர்த்துத் தராது. ஆனால் நாள்பட்ட முட்டிவலி, இடுப்புவலி, கழுத்துவலிக்கு அக்குபங்சர் என்னும் இந்த ஊசி சிகிச்சை ஓரளவு உதவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் கிளினிக்கில் காட்டி, வலிக்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று அம்மாவே சொல்வார். தயவுசெய்து அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். இரவில் முனகாமல் புரண்டு படுக்கும் உரிமை அவருக்கு உண்டு.

கேள்வி: "எல்லாம் நம்பிக்கைதான்" என்று என் கணவர் சிரிக்கிறாரே? (வாசகி, செம்மோர்)

பதில்: பாதி சிரிப்புக்கு இடமுண்டு. ஜெர்மனியில் இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. உரிய புள்ளிகளில் குத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44. வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27தான்! புள்ளி எது என்பதில் சண்டை போடலாம். வலி குறைந்ததை மறுக்க முடியாது. கணவருக்கு இடுப்பு பிடிக்கும் அன்று அவரையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: ஊசி என்றாலே எனக்கு உதறல். (வாசகர், பத்து காஜா)

பதில்: இது மருந்து ஏற்றும் ஊசியல்ல. நடுவில் துளையில்லாத மெல்லிய கம்பி. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கனம். சுருக்கென்று ஒரு எறும்புக்கடி, பிறகு அந்த இடம் கனக்கும், அவ்வளவே. புதுப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை குத்திய ஊசி குப்பைக்குத்தான் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பரம்பரைச் சின்சேயிடம் சான்றிதழ் கேட்பது மரியாதையா? (வாசகர், ஈப்போ)

பதில்: மரியாதைதான். பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்யவே மலேசியாவில் 2016இல் 775ஆம் சட்டம் வந்தது. அரசாங்கமே 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. தாத்தா படத்தைச் சுவரில் மாட்டியவர் பதிவுச் சான்றிதழையும் மாட்டட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்புவலியோடு கால் மரத்து, சிறுநீரும் கட்டுப்படாமல் போனால் எந்தச் சின்சேயும் வேண்டாம். அந்த நிமிடமே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.