உப்புத் தின்ற பிரேக்

2020-இல் ராயல் என்ஃபீல்டு, பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் ஓடிய சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹிமாலயன், இன்டர்செப்டர், கூடவே பந்தய வண்டிச் சாயலில் குனிந்து ஓட்டும் கான்டினென்டல் ஜிடி. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பிரேக் காலிப்பரை அரிக்கிறதாம். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புத் தின்ற பிரேக் கம்பெனிக்குப் போக வேண்டும்.

மரக்காணத்து உப்பளக் காற்றிலேயே வாழ்ந்து பழகிய திண்டிவனத்து புல்லட்டுகள் கேட்டால் சிரிக்கும். இந்தப் பக்கம் நிறுத்துவதற்கு முதலில் ஹார்ன், அடுத்து செருப்புக் கால், இரண்டுக்கும் ஆடு மசியாவிட்டால்தான் பிரேக். விழுப்புரத்து மெக்கானிக் ஒரு திருகு திருகிவிட்டு, "டைட் வெச்சிருக்கேன், பாத்துப் போங்கண்ணே" என்பார். பார்த்துப் போவது நம் பொறுப்பு.

உள்நாட்டிலும் அழைத்தார்கள்: 2019-இல் சுமார் 7,000 புல்லட், காலிப்பர் போல்ட் கோளாறு. 2021 ஏப்ரல் முதல் அரசே கம்பெனியைக் கட்டாயப்படுத்தலாம், ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. ஆனால் ஏழு வயதுக்குட்பட்ட வண்டிக்குத்தான். நம் புல்லட்டோ மாமனார் சீதனமாகக் கொடுத்து, மூன்று கை மாறி, ஆர்சி புத்தகத்தில் இன்னும் மாமனார் பெயரிலேயே ஓடுகிறது.