பூல் மேசையில் புறவொலி விலக்கம்: மேலோட்டமான ஓர் ஆழ்ந்த ஆய்வு

பூல் ஆட்டத்தில் தோற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வதாகத்தான் பொதுவாக நம்பப்படுகிறது. க்யூ வளைந்திருக்கிறது என்பார் ஒருவர். மேசைத் துணி தேய்ந்துவிட்டது என்பார் இன்னொருவர். மேசை தெற்கே சாய்கிறது என்று வாஸ்து பேசுவாரும் உளர். ஆனால் இவர்களை டீக்கடை வரை பின்தொடர்ந்து, பாதி கிளாஸ் காலியாகும்வரை பொறுத்திருந்து கேட்டால், எல்லாரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: “கரெக்டா அந்த நேரம் பாத்து எவனோ பேசிட்டான்டா.” அந்த ‘எவனோ’ யார், அவன் பேசியது என்ன, அவனை என்ன செய்வது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஆய்வுக் களம் சென்னையின் பூல் பார்லர்கள். பெரும்பாலும் மாடியில் இருப்பவை. கீழே மொபைல் கவர் விற்கும் கடை, செங்குத்தான படிக்கட்டு, மேலே நாலைந்து மேசை, ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் விளக்கு, மூலையில் யாரும் பார்க்காத டி.வி. கேரம் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. அதில் முழங்காலால் பலகையை லேசாக இடித்துவிட்டு “சாரிடா” சொல்லும் வசதி எதிராளிக்கு இருப்பதால், ஒலி செய்த கெடுதல் எது, முழங்கால் செய்த கெடுதல் எது என்று பிரித்தறிய இயலவில்லை.

முதலில் கொஞ்சம் அளவைக் கணக்கு. பூல் பந்தின் விட்டம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் இரண்டு பந்து அகலம். ஒன்பதடி மேசையில் எதிர்க்கோடியில் இருக்கும் பந்தை அந்த வாய்க்குள் அனுப்ப வேண்டுமானால், வெள்ளைப் பந்து அதை எந்தப் புள்ளியில் தொடுகிறது என்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகுவதே அதிகம். க்யூவின் தோல்முனை வெள்ளைப் பந்தோடு உறவாடுவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் அந்த அடியை எந்தச் சத்தமும் கெடுக்க முடியாது. ஆகவே அடித்து முடித்தபின் எழும் ஒலிகள் குற்றமற்றவை என்றே தர்க்கம் சொல்கிறது.

இந்தத் தர்க்கத்தைத் தகர்ப்பது ‘ச்சு’.

அறியாதவர்களுக்காக: பந்து பாக்கெட்டை நோக்கி உருண்டுகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு சாண் தூரம் இருக்கிறது. விழுமா விழாதா என்று பந்துக்கே தெரியாது. அந்த நேரத்தில், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருக்கும் எதிராளி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து எழுப்பும் அனுதாப ஒலியே ‘ச்சு’. துக்க வீட்டில் வெளிப்படும் அதே ஒலிதான். ஆனால் அங்கே ஆள் போன பிறகு வரும். இங்கே பந்தின் விதி முடியுமுன்பே வந்துவிடும். பந்து விழுந்துவிட்டாலும்கூட, ‘ச்சு’ கேட்டவர் அடுத்த அடியில் தப்ப முடியாது. ஏன் ‘ச்சு’ சொன்னான், கோணம் தப்பாகப் போனதை அவன் பார்த்துவிட்டானா, அதிர்ஷ்டத்தில்தான் விழுந்ததா என்று மனசு பின்னோக்கி ஓட ஆரம்பித்துவிடும். நடந்து முடிந்ததில் நுழைந்து, நடக்கப்போவதைக் கெடுக்கும் ஒரே ஒலி இது.

ஒலிகளை ஓயாத ஒலி, ஓய்ந்து ஓய்ந்து வரும் ஒலி என இரண்டாகப் பிரிக்கலாம். ஏசி கம்ப்ரசரின் உறுமல் ஓயாத ஒலி. பத்து நிமிடத்தில் அது காதிலிருந்து கழன்றுவிடும். கரன்ட் போய் அது நிற்கும்போதுதான் இத்தனை நேரம் ஓடியது தெரியவரும். மாறாத ஒலியைவிட மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் மனத்தைக் கலைக்கும் என்பது உளவியல் ஆய்வகங்களில் பலமுறை நிறுவப்பட்டது. பார்லரில் மாறிக்கொண்டே இருக்கும் ஒலி என்றால் பேச்சு.

பேச்சும் கவனமும் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 1953-இல் காலின் செர்ரி என்ற இங்கிலாந்து அறிஞர் செய்தது. இரண்டு காதிலும் இரண்டு பேச்சைப் போட்டு, ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லும்படி ஆட்களைப் பணித்தார். மற்றக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடப் பலர் உணரவில்லை. 1959-இல் நெவில் மொரே இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். கவனிக்காத காதில் ஒருவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை வேலியைத் தாண்டியும் உள்ளே வரும் சொல் நம் பெயர்.

இக்கண்டுபிடிப்பு சென்னைக்கு வந்துசேரும்போது ஒரு பெரிய சிக்கல் எழுகிறது. இங்கே எல்லாருக்கும் ஒரே பெயர். கதவைத் திறந்துகொண்டு ஒருவர் “மச்சி!” என்று கூப்பிட்டால், நாலு மேசையிலும் குனிந்திருக்கும் நாலு பேரும் நிமிர்கிறார்கள். மொரேயின் மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இங்கே செல்லாது. அண்மைக்காலத்தில் ‘ப்ரோ’ என்ற மாற்றுப் பெயர் பரவியது சற்று நிம்மதி தரும் என எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. இப்போது ஒருவருக்கே இரண்டு பெயர், இரண்டுக்கும் நிமிர்கிறார்.

மௌனமே இந்த ஆட்டக் குடும்பத்தின் இயல்பு, பேச்சு பின்னால் வந்த கேடு என்பாரும் உளர். அவர்கள் ஊட்டியைச் சான்று காட்டுவர். 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் நெவில் சேம்பர்லேன் உருவாக்கிய ஸ்னூக்கருக்கு (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள், குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்) 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் முறையான விதிகள் அமைந்தன. ஊட்டியில் அமைதி நிலவியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிரில் வாயைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் பேசாதிருந்ததை ஒழுக்கம் என்று கொள்வது ஆய்வு நெறி ஆகாது.

ஷெஃபீல்டைக் காட்டுவோருக்கும் பதில் உண்டு. 1977 முதல் உலக ஸ்னூக்கர் போட்டி நடக்கும் அவ்வூர் க்ரூசிபிள் அரங்கில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள். யாராவது மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் நடுவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் முதல் சில சுற்றுகளில் அதே அரங்கில் இரண்டு மேசை, நடுவே ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் விழுந்த பந்துக்கு எழும் கைதட்டல், இந்தப் பக்கம் குனிந்திருப்பவர் மேல் வந்து விழும். 2023 ஏப்ரலில் போராட்டக்காரர் ஒருவர் மேசைமேலேயே ஏறி ஆரஞ்சுப் பொடியைக் கொட்டினார். அந்த மேசையில் அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது. அடுத்த மேசையில் சற்று நேரம் கழித்துத் தொடர்ந்து ஆடினார்கள். உலகத்தின் மிக அமைதியான மேசையின் நிலைமையே இது.

மறுகோடியில் மோஸ்கோனி கோப்பை. 1994 முதல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ஒன்பது பந்துப் போட்டி. அங்கே கூட்டம் கத்தும், பாடும், ஆடுபவர் பெயரைக் கோஷமாகவே போடும். குனிந்து அடிப்பவர் அசைவதில்லை. சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கனத்தில் வந்தால் அது ஏசி கம்ப்ரசரின் வகையில் சேர்ந்துவிடுகிறது என்பது என் துணிபு. ஐயாயிரம் பேர் கத்தினால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமினால் முடியாது.

பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் வழக்கையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சிறுவயதில் மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வேலை பார்த்தவர். படுக்கை, அங்கிருந்த மேசைதான். கடைசி வாடிக்கையாளர் கிளம்பாமல் படுக்கை காலியாகாது. கண்ணைச் சொக்கும் தூக்கத்தோடு அடுத்தவர்களின் ஆட்டத்தையும் கூச்சலையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒருவர், 1999-இல் கார்டிஃபில் உலகச் சாம்பியன் ஆனதில் வியப்பில்லை. அதற்காக நம் பிள்ளைகளை மேசைமேல் படுக்கப் போடலாமா என்றால், பார்லர்காரர்கள் அதற்கும் மணிக்கணக்கில் வாடகை போடுவார்கள்.

இனிப் பார்வையாளர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், மைக்கேல்ஸும் அவருடைய குழுவினரும் மாணவர்கள் பூல் ஆடுவதை ஒளிந்திருந்து கவனித்து, பிறகு நாலு பேராக மேசை அருகிலேயே போய் நின்று பார்த்தார்கள். 1982-இல் வெளிவந்த முடிவு: நன்றாக ஆடுபவர்கள் 71 சதவீத அடிகளைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆள் நின்றதும் 80-க்கு ஏறினார்கள். சுமாராக ஆடுபவர்கள் 36-இலிருந்து 25-க்கு இறங்கினார்கள். கூட்டம் வல்லவனை வாழ்த்தும், எளியவனை அடிக்கும் என்று இதற்கு உரை எழுதலாம். இதே குணம் கரப்பான்பூச்சிக்கும் உண்டு. 1969-இல் ராபர்ட் சாயன்ஸும் சகாக்களும் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டு, மற்றக் கரப்பான்பூச்சிகளைப் பார்வையாளர்களாகப் பெட்டிகளில் உட்காரவைத்தார்கள். நேர்வழியில் வேகமாக ஓடின. சிக்கலான வழியில் தடுமாறின. நம் பார்லர்களில் இரண்டு வகைப் பார்வையாளர்களும் இருப்பதால் சென்னைத் தரவுகளைப் பிரித்தெடுப்பது கடினம்.

புறவொலியை விலக்கும் வழிகளாக மக்கள் நடைமுறையில் வைத்திருப்பவற்றைச் சுருக்கமாகவே கடந்து செல்லலாம். காதில் இயர்போன் மாட்டுபவர்கள் அனிருத் பாட்டின் வேகத்துக்கு அடிக்க ஆரம்பித்து, வெள்ளைப் பந்தையே பாக்கெட்டில் போடுகிறார்கள். அடிக்குமுன் க்யூ முனைக்கு நீலச் சாக்கைப் பொறுமையாகத் தேய்ப்பவர்கள் அமைதி அடைவது உண்மை. ஆனால் அந்தக் ‘கிறீச்’ எதிராளிக்குப் பல் கூசும். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் வகுத்த ‘அமைதிக் கண்’ கோட்பாடு மதிக்கத்தக்கது. அடிக்கும் முன் இலக்கில் பார்வையைக் கடைசியாக ஊன்றிவைக்கும் நேரம் தேர்ந்தவர்களுக்கு நீளம் என்பது பில்லியர்ட்ஸிலும் சோதித்து அறியப்பட்டது. துரோணர் இதைத்தான் பறவையின் கண்ணை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அர்ச்சுனனிடம் யாரும் அந்த நேரத்தில் “மச்சி, பைக் சாவி எங்க?” என்று கேட்கவில்லை.

இவை எல்லாமே ஒலியை வெளியே நிறுத்தப் பார்க்கும் முறைகள். நம்மிடம் இதற்கு நேர்மாறான ஒரு மரபு இருந்தது. அதை எந்தப் பூல் பயிற்சியாளரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவதானக் கலை. ஒருபுறம் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், இன்னொருபுறம் கணக்குப் போடச் சொல்வார்கள், நடுநடுவே மணி அடிப்பார்கள், முதுகில் நெல்லோ கல்லோ பூவோ எறிவார்கள். கடைசியில் எத்தனை மணி, எத்தனை கல் என்று அவதானி எண்ணிக்கை சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் தேதி சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு இடையூறு. ஒன்றையும் அவர் விலக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே விட்டு, வரவு வைத்தார். இந்த முறையில் பயின்ற ஒருவர் பூல் ஆடினால், ‘ச்சு’ சத்தம் அவருக்கு இடையூறு ஆகாது. ‘ஏழாவது ச்சு’ என்று குறித்துக்கொண்டு அடித்துவிடுவார்.

இந்த மரபுக்குப் பின்னால் ஆய்வகச் சான்றும் இருக்கிறது. 2002-இல் சியான் பெய்லாக்கும் சகாக்களும் அனுபவமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பந்தைக் குழிக்குள் தட்டச் சொன்னார்கள். ஒருமுறை, ஒலித்துக்கொண்டிருந்த ஓசைகளுக்கிடையே குறிப்பிட்ட ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். மறுமுறை, தங்கள் மட்டையின் வீச்சையே கவனிக்க வேண்டும். ஓசையைக் கவனித்தபோது நன்றாகத் தட்டினார்கள். தங்களைத் தாங்களே கவனித்தபோது சொதப்பினார்கள். ஆக, இதுவரை நாம் துரத்திக்கொண்டிருந்த குற்றவாளி வெளியே இல்லை. வெளியிலிருந்து வருபவன் அவனை உசுப்பிவிடுகிறான், அவ்வளவே.

இங்கேதான் ஆய்வு சற்று அபாயகரமான கட்டத்தை அடைகிறது. எதிராளியின் கவனத்தை வேண்டுமென்றே கலைப்பது உலக பூல் விதிகளின்படி விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாத நடத்தை. இருமினால் தப்பு, நாற்காலியைத் தரையில் இழுத்தால் தப்பு. ஆனால் நடுவர் எவரும் தண்டிக்க முடியாத ஒன்று இருக்கிறது: மரியாதையான கேள்வி. எதிராளி நாலு ஃபிரேம் தொடர்ந்து ஜெயித்திருக்கும்போது, உண்மையான ஆர்வத்தோடு கேட்க வேண்டும்:

“மச்சி, சும்மாதான் கேக்கறேன். அடிக்கறப்ப நீ மூச்சை உள்ள இழுப்பியா, வெளிய விடுவியா?”

களத்தில் இதன் விளைவைப் பார்த்திருக்கிறேன். கேட்கப்பட்டவர் முதலில் சிரித்தார். “தெரியலயேடா” என்றார். அடுத்து மேசைக்குப் போய்க் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். க்யூ முன்னும் பின்னும் போய்வந்தது, அடிக்கவில்லை. நிமிர்ந்தார், மறுபடி சாக் போட்டார், மறுபடி குனிந்தார். அவருடைய தோள் ஏறி இறங்குவதை விளக்கு வெளிச்சத்தில் எண்ண முடிந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர்க்கோட்டில், கண் தெரியாதவர்கூடப் போடக்கூடிய எட்டாம் பந்தை அவர் குஷனில் அடித்தார். பார்லரில் அந்த நேரம் எந்தச் சத்தமும் இல்லை. மார்க்கர் பையன்கூட மேசை துடைப்பதை நிறுத்திவிட்டான்.

இக்கட்டுரை அச்சாவதோடு அந்தக் கேள்வி செல்லாக்காசாகிவிடும் என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமே. படித்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அல்லது முந்திக்கொண்டு தாங்களே கேட்பார்கள். அதை எதிர்பார்த்து இரண்டாவது கேள்வி ஒன்றும் சோதித்து முடிக்கப்பட்டிருக்கிறது. முதலாவதைவிடப் பலன் அதிகம், கண்ணைப் பற்றியது. ஆய்வு நெறிப்படி முடிவுகளை முழுமையாக வெளியிட வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது, தோற்றவர்தான் டேபிள் சார்ஜ் கட்ட வேண்டும்.